தெர்மாமீட்டர் அண்ணனும் ஒரு கரண்டி மஞ்சள்தூளும்

மதுரையில் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் வெயிலை அளந்து பார்த்துவிட்டுத் திட்டிய ஒரே ஆள் எங்கள் தெர்மாமீட்டர் அண்ணன்தான். "சித்திரையில போட்டுப் பொளக்குதுப்பா" என்று யாராவது புலம்பினால் போதும், சட்டைப் பையிலிருந்து பித்தளை உறையை எடுப்பார். உறைக்குள் இருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிக் குச்சி வரும். அதைக் காற்றில் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, "நாப்பத்தொண்ணுதான். நீ நாப்பத்தஞ்சுக்குத் திட்டுற" என்பார். புலம்பிய ஆள் மிச்ச நான்கு டிகிரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டியதுதான்.

செல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் அவருக்கு வேலை. கொதிக்கிற சாயத் தொட்டியில் குச்சியை விட்டு, "இப்பப் போடு நூலை" என்று சொல்ல வேண்டும். ஒரு டிகிரி கூடினால் சிவப்பு கறுத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். முப்பது வருடம் இதையே செய்தவருக்கு உலகமே ஒரு தொட்டியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த ஒருவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அரை மணி நேரம் அலைந்தார். கடைசியில் களைத்துப்போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "என்னா சூடு" என்று முனகினார். பித்தளை உறை தானாக அவர் முன்னால் வந்து நின்றது.

டீ அவருக்கு அறுபத்தெட்டில் இருக்க வேண்டும். டீ மாஸ்டர் எழுபத்தைந்தில் கொடுப்பார். அண்ணன் குச்சியை உள்ளே விட்டுக் காத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் குடித்து, பேசி, சண்டை போட்டு, சமாதானமாகிப் போன பிறகு முதல் வாய் குடிப்பார். "இந்தக் குச்சியத்தான காலையில சாயத் தொட்டிக்குள்ள விட்டீக?" என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டார். அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார். டீக்கென்று தனிக் குச்சி வைத்திருந்தாராம். எடுத்தும் காட்டினார்.

ஒரு சாவு வீட்டில் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் நகர்ந்தார்கள். இவர் மட்டும் ஐஸ் பெட்டி மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு மூடியை லேசாகத் தூக்கிக் குச்சியை உள்ளே விட்டார். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பதினாலு காட்டுது. நாளைக்கு மத்தியானம்தான எடுக்கிறீங்க? தாங்காது" என்றார். பெட்டிக்காரரை வரவழைத்துப் பார்த்தால், உண்மையிலேயே மோட்டார் பழுது. வேறு பெட்டி வந்தது. காரியம் முடிந்த அன்று இறந்தவரின் மகன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா கடைசியா கெட்டுப்போகாம போனதே உங்களாலதாண்ணே" என்று கண் கலங்கினார்.

நான் யார் என்று சொல்லவில்லை. அதே தெருவில் ரேடியேட்டர் கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். லாரி, வேன், டிராக்டர் எது சூடேறி நின்றாலும் அதன் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைத்துக் கொடுப்பேன். அஞ்சாம் வகுப்போடு அப்பா என்னை இந்தத் தொழிலில் விட்டுவிட்டார். தொழில் வந்தது, பேச்சு வரவில்லை. செல்லூரில் தெரு முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறவனுக்குத்தான் அங்கே வாய் இருப்பதாக அர்த்தம். என் குரல் என் உதட்டைத் தாண்டாது. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் பெண்ணின் மாமா தரகரிடம், "மாப்ள நல்லாத்தான் இருக்காரு. பேசுவாருல்ல?" என்று கேட்டார். பேசுவார் என்று தரகர்தான் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தோடு அந்தப் பேச்சும் நின்றுபோனது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு பாய் என்று காலம் போய்க்கொண்டிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் ரேடியேட்டரைப் பார்த்துப் பேசுவார்கள், ரேடியேட்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள், ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தெர்மாமீட்டர் அண்ணனும் தனி ஆள்தான். என் கடைக்கு எதிர் மாடியில் தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் இருந்தார். சௌராஷ்டிரா வீட்டுக்காரர். அவர்கள் ஆட்கள் ஊருக்குத் தெற்கே நிறையப் பேர் உண்டு; பட்டறை பக்கத்தில் இருக்கட்டும் என்று இவர் மட்டும் வைகைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அம்மா இறந்த பிறகு இருந்த ஒரே உறவு மூத்த அண்ணன். அவரும் சேலத்துக்குக் குடிபோனார். சிறு வயதிலிருந்து அண்ணனும் தம்பியும் செஸ் ஆடுவார்களாம். சேலம் போன பிறகு போஸ்ட் கார்டில் ஆடினார்கள். இவர் ஒரு காயை நகர்த்திக் கார்டு போடுவார், அவர் ஒரு காயை நகர்த்திப் பதில் போடுவார். நான்கு வருடம் போனது. பிறகு ஒருநாள் பதில் வரவில்லை. ஆட வேண்டியது சேலத்து அண்ணன் முறை என்பதால் இவராகக் கார்டு போடவும் முடியாது. ஆட்ட விதி அப்படி. இரண்டு பேரும் விதியை மதித்து அதோடு பேச்சை விட்டுவிட்டார்கள்.

பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்த நேரத்தில் அவர் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தார். வாங்கினார் என்று சொல்லக் கூடாது. மாதம் ஒரு பாகமாக டவுனுக்குப் போய் எடுத்துவந்து, அவராகவே ஸ்க்ரூ முடுக்கினார். பெட்டிக்கு மூடி போடவில்லை. "மூடி போட்டா ரெண்டரை டிகிரி கூடுது." அவருக்கு இன்டர்நெட் வேண்டாம், படம் வேண்டாம். செஸ் ஆட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் யோசித்து ஆட வேண்டும் என்று அந்த ஆட்டத்தில் சொல்லிவைக்கலாமாம். எல்லாரும் பத்து விநாடி, ஒரு நிமிடம் என்று வைப்பார்கள். இவர் ஒரு முழு நாள் வைத்தார்; அவனுடைய நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு முடியும். "சேலத்துக்குக் கார்டு போய்வரவே நாலு நாள் ஆகும். இவனுக்கு ஒரு நாள் குடுத்தா குறைஞ்சா போயிரும்?" என்றார். கம்ப்யூட்டரை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. காலையில் இவர் ஒரு காயை நகர்த்திவிட்டு வேலைக்குப் போவார். அவன் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் உட்கார்ந்து மூளையைப் போட்டுக் கசக்குவான். கரண்ட் போனால் அவன் போய்விடக் கூடாதென்று லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் கூட வைத்திருந்தார். ஆனால் சூட்டுக்கு என்ன செய்வது? ஆட்டம் சுலபமாக இருக்கும் வரை ஓடும். சிக்கலான கட்டம் வந்தால், யோசிக்க யோசிக்கச் சூடேறி, திரை கறுத்துப்போகும். நான்கு மணிக்கு வேலை முடிந்து ஆசையாக மாடி ஏறுவார். ஐந்து நிமிடத்தில் இறங்கி வருவார்.

"என்னண்ணே?" என்று ஒருநாள் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"எந்திரிச்சுப் போயிட்டான் தம்பி" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது எனக்குப் பழக்கமான ஒன்று. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவன் மண்டையில் இருக்கிற சில்லுக்கு மேலே அலுமினியத் தட்டும் சின்ன ஃபேனும் இருக்கிறது. அது பற்றவில்லை. பெரிய ஃபேன் வாங்கி மாட்டுவதா, அல்லது வெளிநாட்டில் செய்கிற மாதிரி தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைப்பதா? "காத்தா, தண்ணியா? உங்க தொழிலே அதுதான தம்பி. நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியும். அந்த நிமிடமே தெரியும். ரேடியேட்டர்காரனுக்குத் தெரியாததா? தண்ணீர் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கடைசியில் அதை வெளியே தள்ளுவது காற்றுதான். தீப்பெட்டி அகலம் கூட இல்லாத சில்லுக்கு ரேடியேட்டர் வைப்பது தலைவலிக்கு ஆபரேஷன் செய்வது மாதிரி. பெட்டியைத் தகரத்துக்கு அடியிலிருந்து ஜன்னல் ஓரம் நகர்த்தி, நல்ல ஃபேன் ஒன்று மாட்டினால் முடிந்தது. இதை நான் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே டவுனுக்குப் போயிருப்பார். மறுநாள் நான்கு மணிக்கு நேராக மாடிக்குப் போயிருப்பார். ஸ்டூல் காலியாகியிருக்கும்.

"பாக்கணும்ணே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு எட்டு மாதம் தாங்கியது.

தினமும் நான்கு மணிக்கு இரண்டு டீயோடு வருவார். ஒன்று அறுபத்தெட்டு, மற்றது எனக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'காற்று', மறுபக்கம் 'தண்ணீர்' என்று எழுதிவைத்திருந்தார். ஊரில் யாரைப் பார்த்தாலும் கருத்துக் கேட்டுப் பதிந்துகொள்வார். ஆட்டோக்காரர் காற்றுக்கு ஓட்டுப் போட்டார். "ஆட்டோவுல ஏதுண்ணே தண்ணி? காத்துலயே ஓடி காத்துலயே ஆறிக்கிரும்." லாரி டிரைவர் கோபித்துக்கொண்டார். "காத்த நம்பி லோடு ஏத்துவியா நீ?" அது தண்ணீர்ப் பக்கம். அழகர் வைகையில் இறங்கிய மறுநாள் முகமெல்லாம் பிரகாசமாக வந்தார். "தம்பி, முடிவாயிருச்சு. மலையிலருந்து வெயில்ல வாரவருக்கு நம்மாளுக என்ன செய்றாக? தோல் பையில தண்ணிய அடைச்சு அவர் மேல பீய்ச்சி அடிக்கிறாகள்ல? சாமிக்கே தண்ணிதான்." எழுதினார். அடுத்த நாள் பூக்காரம்மா, "அம்மனுக்குச் சாமரம்ல வீசுறாக" என்று சொல்லிவிட்டார். அழகர் தண்ணீர், மீனாட்சி காற்று. "மதுரையில இதுக்கு மேல யார்ட்டப் போய்க் கேக்கிறது?" என்று நோட்டை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் பேசவே இல்லை. பேசாமல் வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

எட்டாவது மாதம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. டவுனுக்குப் போய் உள்ளங்கை அகல ஃபேன் ஒன்று வாங்கி மாட்டினார். நான் பயந்தது நடந்தது. சூடு இறங்கியது. நாலரை மணி ஆகியும் கீழே வரவில்லை. கையில் இருந்த வேனின் ரேடியேட்டரை அன்று இரண்டு முறை தவறாகப் பற்றவைத்தேன்.

ஆனால் நாங்கள் இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டோம். செல்லூர்க் காற்று முழுக்கக் காற்று அல்ல. பாதி பஞ்சு. தறியிலிருந்து பறக்கிற நூல் துகள் தெருவில் எல்லாவற்றின் மேலும் படியும். எங்கள் ஊரில் நாய்கள் கூட வெள்ளைப் புருவத்தோடு அலையும். பெரிய ஃபேன் பெரிய வாயால் பஞ்சை இழுத்தது. பத்தாம் நாள் திரை கறுத்தது. அண்ணன் அலுமினியத் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அது தட்டாக இல்லை. சின்னத் தலையணையாக இருந்தது. "அவனுக்கு மெத்தை தச்சுக் குடுத்திருக்கேன் தம்பி" என்றார்.

"அப்ப தண்ணிதாண்ணே" என்றேன். என் வாழ்க்கையில் நானாக முந்திக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றரை மாதம் வேலை நடந்தது. அதைப் போல நாட்கள் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பழைய லாரி ரேடியேட்டரிலிருந்து நல்ல பகுதியாக உள்ளங்கையளவு வெட்டி எடுத்து, மேலும் கீழும் பித்தளைத் தொட்டி வைத்துப் பற்றவைத்தேன். சில்லு மேல் உட்கார ஒரு செம்புக் கட்டி. அதற்குள் தண்ணீர் ஓட நூல் பருமனில் வரி வரியாக லேத்துப் பட்டறையில் கீறி வாங்கினேன். தண்ணீரைச் சுற்றவிட மீன் தொட்டி மோட்டார். குழாய்க்குத்தான் திண்டாடினோம். கடைசியில் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயை அண்ணனே ஒரு கட்டட வேலையிலிருந்து கேட்டு வாங்கிவந்தார். "அந்த வீடு கோணலாப் போனா நாமதான் பொறுப்பு" என்று சிரித்தார். ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளியே பஞ்சு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டோம். ஆயுத பூஜையன்று அவனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஓடவிட்டோம். அண்ணன் குச்சியை வைத்துப் பார்த்தார். நாற்பத்து மூன்று. குச்சியை உதறிவிட்டு மறுபடி வைத்தார். நாற்பத்து மூன்றேதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை எத்தனை டிகிரி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் வரவில்லை.

அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வருவதற்கு என்ன இருக்கிறது? அவன் எழுந்து போகவில்லை. வேலை முடிந்து மாடி ஏறினால், அவன் ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு காயை நகர்த்தி வைத்திருப்பான். அதற்குப் பதில் யோசிக்க இவருக்கு மாலை முழுக்க வேண்டும். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்கும். அவனிடம் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருப்பார். செல்லூரில் அந்த மொழியில் பேச அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? கேலி, கோபம், கெஞ்சல் எல்லாம் இருந்தது. ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கிற மாதிரிக் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே நான் செய்த ரேடியேட்டர் தொங்கிக்கொண்டிருக்கும். நான்கு மணிக்கு நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். டீ மாஸ்டர் கூடக் கேட்டார், "என்ன ரேடியேட்டரு, தெர்மாமீட்டர ஆளையே காணோம், ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறா?" எனக்கு வாய்த்தகராறு என்றதில் பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் சிரிப்பு.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஒருநாள் ஐந்து மணி சுமாருக்கு ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் ஏறி வாங்க. அவன் அழுவுறான்."

ஏறிப் போனேன். செம்புக் கட்டிக்குப் பக்கத்தில் குழாய் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தது. கழற்றிப் பற்றவைத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் கழற்ற வேண்டுமென்றால் அவனை நிறுத்த வேண்டும். அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நிற்காத குறை. நான்கு மணிக்கு வந்ததுமே அவர் ஆடிவிட்டிருந்தார்; நாற்பதாவது நகர்த்தல் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஜெயிக்கப் போகிறார். அவன் அடுத்து எந்தக் காயை எப்படி நகர்த்தினாலும் சரி, அதற்கு அடுத்த நகர்த்தலில் அவன் ராஜா செத்தான். "அது அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு தம்பி. அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கான். நாளைக்கு நாலு மணிக்கு எப்படியும் ஆடித்தான் ஆகணும். அது வரைக்கும் தாங்கிட்டாப் போதும்." ஆட்டத்தைப் பதிந்துவைத்துவிட்டு நிறுத்தலாமே என்று மெதுவாகச் சொன்னேன். "எந்திரிச்சுப் போனவன் திரும்பி வந்தாலும் அதே ஆளா வரமாட்டான்" என்றார்.

அப்போதுதான் என் கை தானாக வேலை செய்தது. நடுவழியில் லாரி ரேடியேட்டர் ஒழுகினால் எந்த டிரைவரும் கழற்றிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு கரண்டி மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், பட்டறை வரை வண்டி வந்துவிடும். நூறு வண்டிக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவர் அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி இருந்தது. மஞ்சள் டப்பாவும் இருந்தது. கரைத்து ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் கசிவு நின்றது. கண்ணாடிக் குழாயெல்லாம் மஞ்சளாக ஓடியது. "மங்களகரமா இருக்குல்ல" என்று அண்ணன் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லாரி ரேடியேட்டரில் தண்ணீர் போகிற வழி பென்சில் அகலம். இந்தச் செம்புக் கட்டியில் நூல் அகலம். கீறச் சொன்னவன் நான்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

மறுநாள் ஒரு மணி இருக்கும். தெருவில் மஞ்சள் வாசனை வந்தது. "யார் வீட்டுலப்பா பொங்கலு?" என்று தறிக்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கு மட்டும் தெரிந்தது அது எந்த அடுப்பு என்று. மாடி பூட்டியிருந்தது. சாவி சாயப்பட்டறையில் அவர் மடியில் இருந்தது. ஓடினால் ஐந்து நிமிடம்.

நான் உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்திருந்தேன். ஒரு டீ ஆறுகிற நேரம் இருக்கும். எதிரே ஸ்டூல் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஓடினேன்.

நாங்கள் இரண்டு பேரும் வந்து கதவைத் திறந்தபோது குழாய் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. சுவர், பாய், பாத்திரம் எல்லாம் மஞ்சள். அறைக்கே மஞ்சள் நீராட்டு நடந்த மாதிரி இருந்தது. திரை கறுப்பு. அண்ணன் பித்தளை உறையைத் திறந்து, குச்சியைச் செம்புக் கட்டியில் வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு" என்றார். "பாவம், இம்புட்டுக் காய்ச்சல்லயும் யோசிச்சிருக்கான்."

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முதல் நாளே எனக்குப் பதில் தெரியும்ணே. ஜன்னல் ஓரம் வச்சு ஒரு ஃபேன் போட்டா போதும்னு தெரியும். சொன்னா நீங்க வரமாட்டீகன்னு சொல்லல. மஞ்சத்தூள் வாசம் வந்ததும் ஓடி வந்திருக்கணும், வரல, உக்காந்திருந்தேன். நீங்க வரணும்னுதான் உக்காந்திருந்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. தெருவில் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அதை நான் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகச் சேர்த்துவைத்த குரல் அந்த அமைதியில் செல்லூர் முழுக்கக் கேட்டது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கீழே டீக்கடையில் மாஸ்டர் யாரிடமோ நிதானமாகச் சொன்னது மாடி வரை வந்தது: "ரேடியேட்டருக்கு வாய் இருக்குய்யா."

அண்ணன் குச்சியைத் துடைத்து உறையில் போட்டார். "நான் வேலைக்குப் போறேன் தம்பி. தொட்டியில நூல் கெடக்கு" என்று இறங்கிப் போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. மாடியில் பேச்சுக் குரலும் இல்லை. நான் கடையைத் திறந்தேன், மூடினேன். டீக்கடைக்குப் போக வெட்கம். நான்கு மணியானால் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்தேன்.

ஐந்தாம் நாள் முதுகுக்குப் பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஸ்டூலில் அண்ணன். இரண்டு டீ. கக்கத்தில் மரத்தால் ஆன செஸ் பலகை. கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் அதை விரித்தார். காய்களை ஒவ்வொன்றாக, யோசிக்காமல் அடுக்கினார். அன்று அவன் விட்டுப்போன ஆட்டம் அப்படியே வந்து நின்றது.

"அவன் எடத்துல உக்காருங்க" என்றார்.

"எனக்கு ஆடத் தெரியாதேண்ணே."

"அவனுக்கு மட்டும் தெரிஞ்சு என்னாச்சு? எதையாச்சும் நகத்துங்க. எத நகத்தினாலும் அடுத்ததுல நான் ஜெயிச்சுருவேன்."

கைக்கு வந்த ஒரு குதிரையை எடுத்து நேராக முன்னால் வைத்தேன். குதிரை அப்படிப் போகாதாம். அவர் முகம் சுளிக்கவில்லை. அதைச் சரியான கட்டத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துப் பலகையைப் பார்த்தார். டீயில் குச்சியை விட்டார், காத்திருந்தார், குடித்தார். ராணியைத் தொடப் போனார். கையை எடுத்துக்கொண்டார். ஐந்து மணியானது. ஐந்தரையானது.

"ஆடலயாண்ணே?" என்று கேட்டேன்.

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பாக்கணும் தம்பி."

ஐந்து வருடம் பார்த்தார். தினமும் நான்கு மணிக்கு வந்து, பலகையை விரித்து, அதே ஆட்டத்தை அடுக்கி, யோசித்துவிட்டுப் போவார். இடையில் வேறு எல்லாம் பேசுவோம். நான் கூடப் பேசுவேன். பஞ்சு இழுக்காத ஃபேன் ஒன்று செய்யலாம் என்று அவர் ஒரு புது நோட்டும் போட்டார். கம்ப்யூட்டரைத் திரும்பச் சேர்க்கவில்லை. பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் சேலத்திலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தான். அப்பாவுக்கு முடியவில்லை, பக்கத்தில் இருந்தால் நல்லது என்று கூட்டிக்கொண்டு போனான். பலகையை என்னிடமே விட்டுவிட்டார்.

மாதம் ஒரு போஸ்ட் கார்டு வருகிறது. முதல் வரியில் சேலத்தில் அன்றைக்கு எத்தனை டிகிரி. இரண்டாவது வரி, அவருடைய அண்ணன் உடம்பு. மூன்றாவது வரி எப்போதும் ஒன்றுதான்: 'இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.' ஜெயிக்க அவருக்கு ஒரே ஒரு நகர்த்தல் போதும். அதை எழுதிய கார்டு மட்டும் வரவில்லை.

ஆட்டத்தை நான் கலைக்கவில்லை. நான்கு மணிக்குக் காய்கள் மேல் படிந்த பஞ்சை ஊதிவிட்டு, மாஸ்டர் கொடுக்கிற டீயை எதிரே வைத்துக்கொண்டு ஆறும் வரை காத்திருந்து குடிக்கிறேன். அறுபத்தெட்டு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அளந்து சொல்ல வேண்டியவர் சேலத்தில் இருக்கிறார்.